சங்கவியின் முகம்

மலர்விழி திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் குடியிருந்தாள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் தினமும் இருபது நிமிடம் குவாஷ் என்ற கெட்டியான நீர்வண்ணத்தில் ஒரு சின்னப் படம் போடுவாள். அஞ்சலட்டை அளவுத் தாள், ஒரே ஒரு பொருள்: உரித்த மல்லாட்டைக் கடலை, நசுங்கிய சொம்பு, பிழிந்து போட்ட துணி. செல்போனில் அலாரம் அடித்ததும் தூரிகையை வைத்துவிடுவாள். கண்ணும் கையும் பழக வேண்டும், அவ்வளவுதான்.

கார்த்திகைப் புயலில் ஊருக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. அது வடிந்த நாலாம் நாள் பின்தெரு வீரம்மாள் வந்து நின்றாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு போட்டோ. தண்ணீரில் ஊறி, முகம் இருந்த இடத்தில் சாயம்தான் மிஞ்சியிருந்தது.

"எம் பொண்ணு சங்கவி, டீச்சர். இது ஒண்ணுதான் இருந்துச்சு."

சங்கவி ஆறு வருஷத்துக்கு முன் மூளைக்காய்ச்சலில் போனவள். அப்போது வயது ஒன்பது. மலர்விழி அந்த ஊருக்கு வந்ததே மூன்று வருஷத்துக்கு முன்புதான்.

"நான் பார்த்ததே இல்லையேக்கா. எப்படிப் போடுறது?"

"நான் சொல்றேன். தெனமும் குட்டிக் குட்டியா போட்டுக்கினு இருக்கீங்களே, அந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா போடுங்க."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் முதல் வீரம்மாள் வேலைக்குப் போகிற வழியில் வந்து உட்கார்ந்தாள். முதல் நாள் நெற்றி மட்டும். அடுத்த நாள் மூக்கு. "இவ்ளோ கூரா இருக்காது" என்றாள். அப்புறம் கன்னத்தின் நிறம். இந்த வண்ணம் ஈரத்தில் ஒன்றாகவும் காய்ந்தபின் வேறாகவும் தெரியும். இரண்டு பேரும் அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் கண்.

"கண்ணு எப்படிக்கா இருக்கும்? நீளமா, உருண்டையா?"

வீரம்மாள் கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள். "தெரியலியே டீச்சர்" என்றாள். "பெத்தவளுக்கே மறந்துபோச்சே."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மலர்விழி தூரிகையைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேற என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டாள்.

"தலை வாரி வுடுவேன். பின்னாடி ஒக்காந்துக்கினு." வீரம்மாளின் விரல்கள் தானாகப் பின்னத் தொடங்கின. "வகிடு எப்பவும் கோணிக்கும். வலப்பக்கச் சடை தடிப்பா வந்துரும். கழுத்துல, இங்க, ஒரு மச்சம்."

அன்றைக்கு மலர்விழி பின்கழுத்தையும் இரட்டைச் சடையையும் போட்டாள். கறுப்பு காய்ந்ததும் அதன்மேல் எண்ணெய் மினுமினுப்பைத் தீற்றினாள்.

கண்ணை உத்தேசமாகப் போட்டு, பொங்கலுக்கு முன் முழு முகத்தையும் பெரிய தாளில் முடித்துக் கொடுத்தாள். வீரம்மாளோடு அவள் புருஷன் பாண்டுரங்கனும் வந்திருந்தான்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் வீரம்மாள். குரல் இறங்கியிருந்தது. "ஆனா யாரோ ஒரு பொண்ணாட்டம் இருக்குது, டீச்சர். தப்பா நெனச்சுக்காதீங்க."

மலர்விழிக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தரையில் பரப்பியிருந்த சின்னப் படங்களை வீரம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சடைப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுதான் எம் பொண்ணு. இதைக் குடுங்க."

"மூஞ்சியே இல்லாத படத்தை எவனாவது மாட்டுவானா?" என்று பாண்டுரங்கன் எரிச்சலாகக் கையை நீட்டி வாங்கினான். மச்சத்தைப் பார்த்தான். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"ரிப்பன் இல்லியே டீச்சர்" என்றான் மெதுவாக. "நான்தான் திண்டிவனத்துல வாங்கியாந்தேன். நீலம்."

"காய்ஞ்சது மேலயே போடலாம்ண்ணா. எந்த நீலம்?"

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மலர்விழி தட்டில் நீலத்தோடு வெள்ளையைக் குழைத்துக் காட்டினாள். தலையாட்டினான், இல்லை. இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்த்தாள். இல்லை. ஒரு சொட்டுப் பச்சை சேர்த்தாள். பாண்டுரங்கன் தட்டின் மேல் குனிந்தான். வீரம்மாள் அவன் முதுகில் கை வைத்தாள்.

"இதான்" என்றார்கள் இரண்டு பேரும்.