ஈஸ்டர் வரட்டும்

வாய் மூட மறுத்தது.

மாதர் சங்கத் தலைவி இறந்தவளின் தாடையைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தாள். இறுகிப் போயிருந்தது. துண்டைச் சுருட்டி அடியில் முட்டுக் கொடுத்தாள். அப்போதும் உதடுகள் விலகியே இருந்தன, ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்ற மாதிரி. கட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

"நேத்தே கட்டியிருக்கணும்," என்றாள் தலைவி.

"நீங்க எல்லாம் முன்னறையில இருங்க. நான் பாத்துக்கறேன்," என்றாள் இவள்.

நேற்றே கட்டியிருக்க வேண்டும் என்று இவளுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. வார்டுகளுக்குப் படுக்கை மாற்றப் போகிற இடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். ஆனால் நேற்று கை எழவில்லை. இப்போது துவாலையை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, நாத்தனாரின் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சூடு ஆறியதும் மறுபடி முக்கினாள். இடுப்பு கழன்றுவிடும் போல் இருந்தது. நேற்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நாற்காலி போடுவதும் தேநீர் போடுவதும் கோப்பை அலம்புவதுமாக, அழுவதற்கு ஒரு இடம் கிடைக்கவில்லை.

நாத்தனார் இவள் கணவனுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். "பகல் முழுக்க ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் மரியாதையா பேசிட்டு, மிச்சத்த வீட்ல வந்து கொட்டுவா," என்பான் இவள் கணவன். பால் பொங்கினால் திட்டு, பொங்காவிட்டாலும் திட்டு. இவள் பதில் பேசுகிறவள் இல்லை. 'ஊமச்சி' என்பது நாத்தனார் வைத்த பேர். இவள் பேசுவதெல்லாம் பாத்திரத்தில்தான். மூடியை ஓங்கி வைத்தால் ஒரு அர்த்தம், குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் வேறு அர்த்தம். அந்தப் பாஷை நாத்தனாருக்கு நன்றாகவே புரியும். "என்ன சொன்ன? எங்க, இன்னொரு தடவ சொல்லு!" என்று வாணலியைப் பார்த்துக் கேட்பாள். இப்படியே இத்தனை வருஷம் ஒரே சமையலறையில் ஓடிவிட்டது.

சபையிலும் அதே வாய்தான். மெதடிஸ்ட் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில், வீடு வாசல் இல்லாமல் தெருவில் கிடப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை தோறும் சாப்பாடு போடுவார்கள். சூப், ரொட்டி, அவித்த முட்டை. நடத்தியவள் நாத்தனார். உப்பு குறைந்தால் சமைத்தவருக்குத் திட்டு. வரிசையில் இடித்தால் இடித்தவனுக்குத் திட்டு. சாப்பிட வருகிறவர்களே அவளுக்குப் 'பட்டாசக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு விஷயத்தில் கமிட்டியோடு ஓயாத சண்டை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பிரசங்கம் வைக்க வேண்டும் என்பார் செயலாளர். அவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். "பசியோட வந்தவன உக்கார வெச்சுக் கண்ண மூடச் சொல்றது என்னங்க நியாயம்? மொதல்ல தட்டு. அப்புறம் ஜெபம். இருக்கிறவன் இருக்கட்டும், போறவன் போகட்டும்," என்று ஹால் அதிரக் கத்துவாள். ஸ்டூடியோக்காரர் கப்சிப் ஆகிவிடுவார்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு தொடங்குகிற சமயத்தில் புதுப் போதகர் வந்து சேர்ந்தார். சின்ன வயது. எல்லோரிடமும் கையைக் கட்டிக்கொண்டு பேசுகிறவர். சபையார் ஒவ்வொருவரும் ஈஸ்டர் வரைக்கும் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒருவர் காபியை விட்டார், ஒருவர் டிவியை. ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது நாத்தனாரிடம், "நீங்க அந்தக் கோபத்த விட்டா என்னம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை.

"சரி ஐயா. விட்டேன்," என்றாள்.

சொன்னபடியே விட்டுவிட்டாள். பால் பொங்கி அடுப்பே அணைந்தாலும், துணியை எடுத்து வந்து துடைத்துவிட்டுப் போனாள். இவள் மூடியை ஓங்கி வைத்துப் பார்த்தாள். பதில் இல்லை. முதலில் அப்பாடா என்று இருந்தது. போகப் போக, வாடகைக்கு வந்த யாரோடோ குடியிருக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஹாலில் ஸ்டூடியோக்காரருக்குத் தைரியம் வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஜெபம் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அது பாட்டும் பிரசங்கமுமாக வளர்ந்துவிட்டது. நாத்தனார் கையில் கரண்டியோடு, ஆறிக்கொண்டிருந்த சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் இவளே வாயைத் திறந்து கேட்டாள். "ஏன் அண்ணி, ஒண்ணும் சொல்லாம வந்துட்டீங்க?"

"சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கிட்டேன்ல." நாத்தனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். "ஈஸ்டர் வரட்டும். எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கேன். அந்த ஆளுக்கு இருக்கு. உனக்கும் இருக்கு."

நேற்றுக் காலை இவள் வேண்டுமென்றே நாத்தனாருடைய கோப்பையில் காபி ஊற்றிக் குடித்தாள். யாரும் தொடக்கூடாத கோப்பை அது. நாத்தனார் சமையலறைக்குள் வந்தாள், பார்த்தாள், மூக்கு விடைத்தது. வரப்போகிறது என்று இவள் காத்திருந்தாள்.

"சூடு போதுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேஜையில் கையை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இவள் கோப்பையை அலம்பிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி, "என்ன, தூக்கமா?" என்று கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது தண்ணீரைத் திரும்பச் சுட வைத்துக்கொண்டு வந்த பிறகுதான் தாடை கொஞ்சம் இளகிக் கொடுத்தது. பட்டைத் துணியால் கட்டி, முடிச்சுத் தெரியாமல் கூந்தலை இழுத்துவிட்டாள். கணவன் வந்து கதவோரம் நின்றான். லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு விரல் இடுக்குகளில் இருந்தது.

"மூடிருச்சா?"

"மூடிருச்சு."

"பாவம்," என்றான்.

அவனுக்குப் பின்னால் போதகர் தயங்கித் தயங்கி வந்தார். "ஆராதனையில அக்காவப் பத்தி நாலு வார்த்த சொல்லணும். நான் வந்து கொஞ்ச நாள்தானே ஆகுது. அவங்கள எப்பிடிச் சொன்னா பொருத்தமா இருக்கும்?"

கணவன் யோசித்தான். "நல்லா பேசுவா ஐயா."

"அன்பா பேசுவாங்க," என்று போதகர் தலையாட்டினார்.

கோயிலில் பூ இல்லை. லெந்துக்காக பலிபீடத்தில் போட்ட ஊதாத் துணி மட்டும் இருந்தது. சபை நிரம்பியிருந்தது. இவளுக்குக் கால் வீங்கிச் செருப்பு இறுக்கியது. உட்கார இடம் கிடைத்ததே போதும் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போதகர் நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார்.

"இந்தக் கடைசி வாரங்கள்ல நம்ம சகோதரிகிட்ட ஒரு மாற்றத்த நாம எல்லாரும் பாத்தோம். அந்தச் சாந்தம், அந்தப் பொறுமை! ஆண்டவர் அவங்கள ஆயத்தப்படுத்திக்கிட்டு இருந்திருக்காரு."

பின்வரிசைகளில் ஆமென் என்றார்கள். ஸ்டூடியோக்காரருடையது கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. கணவன் இவள் பக்கம் சாய்ந்தான்.

"யாரப் பத்திப் பேசறாரு?" என்று கேட்டான்.

பெட்டியைப் பக்கவாசல் வழியாக வெளியே கொண்டு வந்தார்கள். அங்கே ஹாலுக்குப் போகிற கேட்டை ஒட்டி, வழக்கமாகச் சாப்பிட வருகிறவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். இன்று வெள்ளிக்கிழமை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. ஸ்டூடியோக்காரர் வேகமாக முன்னே போனார். "இன்னிக்கு இல்லப்பா. துக்கம் ஆயிருச்சு. அடுத்த வாரம் வாங்க." அவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்களே தவிரப் போகவில்லை. கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் வந்த இவளிடம் மெல்லக் கேட்டார்.

"யாரும்மா?"

இவளுக்குச் சட்டென்று என்ன பேர் சொல்வது என்று தெரியவில்லை. "பட்டாசக்கா," என்றாள்.

கிழவர் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். "கொஞ்ச வாரமாவே திட்டல்லம்மா. நான் ரொட்டிய ரெண்டு தடவ எடுத்தேன், பாத்துக்கிட்டே சும்மா இருந்தாங்க. உடம்புக்கு என்னமோன்னு அப்பவே இவங்ககிட்ட எல்லாம் சொன்னேன்." கண்ணைத் தூக்கி இவளைப் பார்த்தார். "வீட்ல யாரும் கவனிக்கலையா? டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலையா?"

அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பின்னால் வந்தவர்கள் நெருக்கித் தள்ள, இவள் பெட்டியோடு நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் கணவன் கோட்டைக் கழற்றி இவள் கையில் கொடுத்துவிட்டு, குழி வெட்டியவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கினான். "நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க விடுங்க," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இவன் விடவில்லை. மற்றவர்கள் கலைந்து ஹாலுக்குப் போகத் தொடங்கிய பிறகும் மண் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தடுக்க இவளுக்குத் தெம்பில்லை. கோட்டை அங்கிருந்த சுவரில் போட்டுவிட்டுத் தானும் ஹாலைப் பார்த்து நடந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்காக மாதர் சங்கத்தார் தேநீரும் பன்னும் சூப்பும் தயாராக வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக வெளி கேட் தெரிந்தது. சாப்பிட வந்தவர்கள் இன்னும் அங்கேதான் நின்றார்கள். இவள் போய்க் கேட்டின் கொண்டியைத் தூக்கினாள்.

"உள்ள வாங்க."

ஸ்டூடியோக்காரர் ஓடி வந்தார். "அம்மா, இது துக்கக்காரங்களுக்குன்னு செஞ்சது."

"துக்கக்காரி நான்தான்."

அவர் வழிவிட்டார். எல்லோரும் வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். சபையார் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். "அப்ப ஒரு ஜெபத்தோட ஆரம்பிச்சிடலாம். சகோதரியோட ஞாபகமா நாலு வார்த்தையும் பேசிடலாம். எல்லாரும் கண்ண மூடுவோம்."

கண்கள் மூடின. சூப்பிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"வேணாம்," என்றாள் இவள். யாருக்கும் கேட்கவில்லை. "வேணாங்க!"

நெடுநாள் திறக்காத குழாய் மாதிரிக் குரல் கரகரத்து வந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். கணவன் அப்போதுதான் வாசலில் வந்து நின்றான்.

"மொதல்ல தட்டக் குடுங்க. ஜெபம் அப்புறம்."

"ரெண்டே நிமிஷம்தாம்மா..."

"உங்க ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியும்! அவங்கள அந்த அண்டா பக்கத்துல நிக்க வெச்சு, வாயத் தொறக்க விடாம..." மேலே எப்படிப் போவது என்று தெரியவில்லை. சண்டை போட்டுப் பழக்கம் இல்லாதவள். கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து வீசினாள். "நீங்க எதத்தான் ஒழுங்கா செஞ்சீங்க? எங்க கல்யாண போட்டோவுல இவரு காத வெட்டிட்டீங்க! ஒரு காதுதான் இருக்கு அதுல! இத்தன வருஷமா நான் ஒரு வார்த்த கேட்டேனா?"

ஸ்டூடியோக்காரர் தன்னையறியாமல் கணவனின் காதைப் பார்த்தார். யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள். இவளுக்கு இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. அது என்னவென்று தேடினாள், கிடைக்கவில்லை.

போதகர் எழுந்தார். அடுக்கியிருந்த தட்டுகளை அள்ளிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வைக்கத் தொடங்கினார். ஒரு தட்டு கை தவறிக் கீழே விழுந்து உருண்டது. மாதர் சங்கத் தலைவி சூப் கரண்டியைக் கையில் எடுத்தாள். சற்று நேரத்தில் ஹாலில் கோப்பையும் கரண்டியும் மோதுகிற சத்தம் மட்டும் இருந்தது.

இவள் தேநீர்க் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொண்டு போனாள். கெட்டில் கனத்தது. கடைசி பெஞ்சுக்கு வந்தபோது அங்கே கணவன் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் மண். கையைக்கூடக் கழுவாமல், ஒரு பன்னை முழுசாக வாயில் அடைத்து, மெல்ல முடியாமல் மென்றுகொண்டிருந்தான். பக்கத்தில் கம்பளித் தொப்பிக் கிழவர் அவனையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா தம்பி. விக்கிக்கப் போவுது." தன் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் தள்ளினார். "இந்தப் பக்கம் உங்களப் பாத்ததே இல்லையே. புதுசா?"

கணவன் விழுங்கிவிட்டு, கொஞ்சம் யோசித்தான்.

"ஆமா," என்றான்.

"கூச்சப்படாதீங்க. கேட்டா இன்னொண்ணு குடுப்பாங்க," என்று சொல்லி, கிழவர் தன் தட்டிலிருந்த பன்னைப் பிய்த்துப் பாதியை அவன் தட்டில் வைத்தார்.

இவள் கெட்டிலைச் சாய்த்து இரண்டு பேருக்கும் ஊற்றினாள்.