எல்ம் மரங்களுக்குப் பின்னே புகை

படம் வரைகிற லவட் ஐயா இங்கிலாந்தில் எங்கள் ஸஃபோக் சீமைக்கு வந்து வரைந்த மூன்று நாளும் அப்பா அடுப்பு மூட்டவில்லை. கொடியில் கிடந்த துணிகளையும் உள்ளே அள்ளிப் போட்டுவிட்டார். பெரிய வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் குடிசை தெரியும். படத்தில் அது அழுக்காக விழுந்துவிடக் கூடாதே என்ற மரியாதைதான். பார்லி அறுத்துவிட்டு வந்து, காய்ந்த ரொட்டியைப் பச்சைத்தண்ணீரில் நனைத்துத் தின்றார்.

நான் பெரிய வீட்டில் வேலைக்காரி. மூன்றாம் நாள் மேசை துடைக்கப் போனபோது படம் காய்ந்துகொண்டிருந்தது. ஓக் மரங்கள், ஓடை, ஆடுகள், எல்லாம் மண்நிற மையில். எங்கள் குடிசை மட்டும் மேலே ஒட்டிய ஒரு சிறு தாளில் இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் குடிசை இல்லை. அந்த இடத்தில் எல்ம் மரங்கள் நின்றன.

"மேல இருக்கிறது இப்ப இருக்கிற மாதிரி. அடியில இருக்கிறது இனிமே வரப்போறது. சீமாட்டி சரின்னா குடிசையை இடிச்சுட்டு மரம் நட்டுடுவாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். லவட் ஐயா வீங்கிய கால்களை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் குடிசையில எங்கப்பா ஆமோஸ் இருக்காருங்கய்யா."

"ஆள் இருக்கா? மூணு நாளா புகையே வரலையேம்மா! பாழடைஞ்ச வீடுன்னுல்ல நெனச்சேன்."

"உங்களுக்காகத்தான் அடுப்பை அணைச்சு வெச்சாரு."

அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "இந்த வருஷத்துல இது ஏழாவது பங்களா. எல்லாருக்கும் மரம் வேணும். வரைஞ்ச மரத்தைச் சுரண்டி எடுக்க இனி என்னால முடியாது, புள்ள." பேனாவை நனைத்து, எல்ம் மரங்களுக்குப் பின்னாலிருந்து மெல்லிய கோடு ஒன்றை மேலே இழுத்தார்.

மறுநாள் பெரிய வீட்டுச் சீமாட்டி அந்தத் தாளைத் தூக்கினாள். "அட, புகை! அழகா இருக்கே. எங்கேருந்து வருது?"

"மரத்துக்குப் பின்னால குடிசை இருக்கும்மா. வீடு கண்ணுல படாது" என்றார் லவட் ஐயா.

"அப்போ இருந்துட்டுப் போகட்டும். ஆனா நான் டீ குடிக்கிற நேரத்துக்குப் புகை வந்தாகணும்."

வீடு தப்பியது. அதன் முன்னால் எல்ம் கன்றுகளை நட்டார்கள். அப்பா தினமும் நாலு மணிக்கு வயலிலிருந்து ஓடி வந்து, ஈர விறகை மூட்டி இருமிவிட்டு, மறுபடி வயலுக்கு ஓடுகிறார். அடுப்பின் மேல் பெரும்பாலும் பானை இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் முதலில் அதைத்தான் கேட்பார்.

"நேத்துப் புகை நல்லாத் தெரிஞ்சுதா, கண்ணு?"

"தெரிஞ்சுதுப்பா."

டீ குடிக்கையில் சீமாட்டி ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். அதை நான் சொல்லவில்லை.