ஆளுக்கொரு பெட்டி

இடுப்பெலும்பு முறிந்து கிடந்த அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், அண்ணன்கள் இருவரும் பார்க்க வந்தார்கள். வந்தவர்களின் கண் அப்பாமேல் நிற்கவில்லை. சுவரோரம் இருந்த ஆம்ப்ளிஃபயர்கள் பக்கமே ஓடியது. அவரைப் பார்த்துக்கொள்ளும் கடைக்குட்டி அதைக் கவனித்துவிட்டாள். நாற்பது தாண்டியும் அண்ணன்களுக்கு அவள் 'பாப்பா'தான்.

அப்பா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இளவயதில் வாங்கிய பழைய காலத்துக் கண்ணாடி வால்வுப் பெட்டிகள் அவை. மோனோ என்பதால் இடப்பக்க ஸ்பீக்கருக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பாட்டு முழுசாகும். அந்த ஜோடிக்கு இப்போது ஏக கிராக்கி என்று பெரியவன் காதில் யாரோ ஓதியிருக்கிறார்கள்.

"அப்பாவால இனி எந்திரிச்சுப் போட முடியாது. நான் கொண்டுபோய்ப் பத்திரமா வெச்சுக்கிறேன்" என்றான் பெரியவன்.

"நீ மட்டும் என்ன ஒசத்தி? ஆளுக்கொண்ணு" என்று எகிறினான் சின்னவன்.

"வெக்கமா இல்லையா ரெண்டு பேருக்கும்? அப்பா கண்ணு முன்னாலயே..."

"நீ சும்மா இரு பாப்பா."

கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா, வாயருகே கொண்டுபோன சூப் கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டார். "எடுத்துக்கட்டும். விடும்மா."

ஒவ்வொன்றும் பாறாங்கல் கனம். அதனால் அவன் பங்கை இவனும், இவன் பங்கை அவனும் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று. "பாத்துடா, அது என்னோடது!" என்று மூச்சிரைக்கக் கத்திக்கொண்டார்கள். முதல் பெட்டியை நகர்த்தியதும் அடியில் செத்த கரப்பான்களும் எலிப்புழுக்கையும் அப்பிக் கிடந்தன. பெரியவன் அக்கம்பக்கம் பார்த்தான். துணி எதுவும் அகப்படவில்லை. அப்பாவின் போர்வை நுனியை இழுத்துப் பெட்டியின் அடியை அழுந்தத் துடைத்தான். அதே கையால் அப்பாவின் கன்னத்தைத் தட்டி, "உடம்பைப் பாத்துக்கோங்கப்பா" என்றான்.

அவர்கள் போனபின் அவள் போர்வையைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தாள். வெந்நீரில் துணி நனைத்து அப்பாவின் கன்னத்தை மறுபடி மறுபடி துடைத்தாள். அவர் சிறுபிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து சின்னவன் வாசலில் வந்து நின்றான். "ஒத்தையா கொண்டுபோனா எவனும் சீண்ட மாட்டேங்கிறான் பாப்பா. ஜோடியா இருந்தாத்தான் விலையாம். அண்ணன்கிட்டப் பேசி அவன் பெட்டியை எனக்கு வாங்கிக் குடேன்."

"அது போயிடுச்சு" என்றாள். "ஸ்பீக்கரை மாட்டாம அதை ஓட்டவே கூடாதாம். பெரியண்ணன் ஓட்டிப் பாத்திருக்கார். உள்ள எல்லாம் கருகிப் புகைஞ்சிடுச்சாம். நேத்துதான் அண்ணி போன்ல சொன்னாங்க."

இனி இவனுடையதற்கும் ஜோடி இல்லை என்பது உறைத்து முகம் தொங்கும் என்று நினைத்தாள். தொங்கவில்லை. அவன் வாய்விட்டுச் சிரித்தான். தொடையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "நல்லா வேணும் அவனுக்கு! நல்லா வேணும்!"

அவன் வாயோரத்தில் எச்சில் நுரைத்து நின்றது. இவனும் தன் கூடப் பிறந்தவன் என்று நினைக்கவே அவளுக்குக் கூசியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"சின்னவன் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே" என்றார் அப்பா உள்ளிருந்து, ஆசையாக. "ஏதாவது நல்ல சேதியாம்மா?"

அவள் வாந்தியை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.