எல்ஸ்பா கொண்டுபோன கிடா

டிசம்பர் பதினொன்றாம் தேதி, அந்த வடகடல் தீவுகளில் பொழுது அரைகுறையாக விடிந்திருந்த காலை பத்து மணிக்கு, எல்ஸ்பா மூன்றாவது தடவையாகக் கிடாவோடு படகுத்துறைக்கு வந்து நின்றாள். முதல் தடவை படகே கிளம்பவில்லை. இரண்டாவது தடவை அவள் பிறந்த ஃபுக்லோய் தீவின் பாறைவரை போய், அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. ஒன்பது நாளாகக் கிடா அவள் மகள் வீட்டுக் கார் ஷெட்டில் தங்கி, மருமகனின் புது பூட்ஸைக் கடித்துக் குதறியிருந்தது. மருமகன் நல்லவன், பழைய பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"மறுபடியும் இவனா?" என்றார் படகின் தலைவர் தோரால்வ். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். "ஹெலிகாப்டர்ல கூட்டிட்டுப் போயேன்."

"கேட்டுட்டேன். கொம்பு இருக்கிற பயணியை ஏத்த மாட்டாங்களாம்."

"அப்ப உன்னையும் ஏத்த மாட்டாங்க."

எல்ஸ்பா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

அக்டோபரில், ஆடு அறுக்கும் வாரத்தில், தம்பி ஹானுஸுக்கு ஒத்தாசையாகத் தீவுக்குப் போயிருந்தாள். பட்டியில் கடைசியாக ஒரு கறுப்பு இளங்கிடா நின்றது. கொம்பில் சிவப்பு நூல். அவள் வாழ்க்கைப்பட்ட சாந்தோய் தீவில், மாமனார் வீட்டில், சிவப்பு நூல் கட்டினால் அது கத்திக்கு. முப்பது வருஷம் அந்த வழக்கத்திலேயே கை ஊறிவிட்டது. பிறந்த வீட்டிலோ சிவப்பு நூல் கட்டுவது மந்தைக்கென்று விட்டுவைத்ததற்கு. சின்ன வயதில் அவளே எத்தனையோ கொம்புகளில் கட்டிய நூல்தான். ஹானுஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் அதை அறுத்து முடித்திருந்தாள். மந்தையின் கிழட்டுக் கிடா கோடையிலேயே மலைவிளிம்பிலிருந்து விழுந்து செத்திருந்தது. வேறு கிடா இல்லை.

அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். "நீ இப்ப சாந்தோய்க்காரி" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

அவனிடம் முப்பத்திரண்டு பெண்ணாடுகள். அக்கம்பக்கத்துக் கிடாக்கள் எல்லாம் அவற்றுக்கு அண்ணன் தம்பி முறை. இந்த வாரத்துக்குள் புது ரத்தம் மந்தைக்குள் இறங்காவிட்டால் மே மாதம் ஒரு குட்டிகூட விழாது. நான் கெடுத்ததை நானே சரிசெய்வேன் என்று எல்ஸ்பா முடிவுகட்டி, மாமனார் வீட்டு மந்தையிலேயே சிறந்த கிடாவை, மைத்துனனிடம் மூன்று நாள் மல்லுக்கட்டி வாங்கி வந்திருந்தாள்.

படகு கிளம்பியது. வெளிக்கடலுக்கு வந்ததும் கிடா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் அதன் கொம்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஃபுக்லோயில் படகைக் கட்டிப்போட முடியாது. மூக்கைப் பாறைமேடையில் முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். அலை தூக்கும்போது குதிக்க வேண்டும். தாழும்போது குதித்தவரைப் பற்றி ஊரில் பிறகு பேசுவார்கள்.

தோரால்வ் அலையைப் பார்த்தார், முகம் சுருங்கியது. "ஒரே தடவைதான் மூக்கை வைப்பேன். தபால் பை, அப்புறம் நீ. அவ்வளவுதான்."

"நான் வேண்டாம். இவன் இறங்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? தம்பியைப் பார்க்கத்தானே இத்தனை பாடு?"

"என் மூஞ்சியப் பார்த்தா அவன் ஆடு குட்டி போடுமா? இவனை இறக்கு. இல்ல, நாளைக்கும் வருவேன், நாளான்னைக்கும் வருவேன். ஷெட்டுல உன் பூட்ஸையும் கொண்டுவந்து போட்டுடுவேன்."

தோரால்வ் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே படகின் மூக்கைப் பாறைமேடைப் பக்கம் திருப்பினார்.

மேடையில் ஹானுஸ் நின்றான். தபால் பையை வாங்குவது தீவில் அவன் வேலை. அக்காவைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டு பையை மட்டும் பார்த்தான். பை பறந்தது, பிடித்தான்.

"டேய் ஹானுஸ்! கையை நீட்டுடா!"

அலை தூக்கியது. எல்ஸ்பா கிடாவின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்து, பிள்ளை பெற்றபோது முக்கியதுபோல முக்கித் தள்ளினாள். கிடா காற்றில் நான்கு கால்களையும் விரித்தது. முன்கால்கள் மேடையில் பட்டன, பின்கால்கள் வழுக்கின. ஹானுஸ் தபால் பையை எறிந்துவிட்டு இரண்டு கொம்புகளையும் பற்றிப் பின்னால் சாய்ந்தான். அடுத்த நொடி படகு தாழ்ந்து, பின்வாங்கி, மேடைக்கும் அவளுக்கும் நடுவே வெள்ளை நுரைதான் இருந்தது.

பிறந்த ஊரில் கால் வைக்காமலே அவள் திரும்புகிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மேடையில் ஹானுஸ் கிடாவை அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். அதன் கொம்பில் அவள் காலையில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிய சிவப்பு நூலை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து, இரு கைகளையும் வாயருகே குவித்தான்.

"எல்ஸ்பா! அந்தக் கிடாக் கறி கொட்டாயில காத்துல காஞ்சு அப்படியே தொங்குது! நான் தொடல! கிறிஸ்துமஸுக்கு வந்து, நீ கொன்னதை நீயே தின்னு தொலை!"

இரண்டு மாதத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு. எல்ஸ்பா அழுதாள், உப்புத்தண்ணீரோடு உப்புத்தண்ணீராக. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அடுத்த படகு எப்ப?" என்று தோரால்விடம் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை. ஆனா காத்து அடிக்கும்."

"அடிக்கட்டும். எனக்கு ஒரு இடம் வை."