பின்சீட்டுக்கு அடியில்

"ஏலேசா போடாதீங்கடா, இது சாவு வூடு," என்று சின்னப்பொண்ணு அத்தை வாசலிலிருந்து அதட்டினாள். காரைத் தள்ளிக்கொண்டிருந்த ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு தள்ளினார்கள். அப்படியும் கார் அசையவில்லை. ஈரத் தரையில் அவர்கள் செருப்புதான் பின்னால் வழுக்கியது.

வேல்ராஜ் குனிந்து பின்சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான். அடுத்த தெருவில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். துக்கத்துக்கு என்று வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். அது பத்து நிமிடத்திலேயே வெள்ளையாக இல்லாமல் போயிற்று.

"ஹேண்ட் பிரேக்கு புடிச்சிகிச்சி," என்றான். "ஆறு மாசமா நின்ன எடத்துலயே நின்னுகினு கீது. மழத்தண்ணி எறங்கி, துரு ஏறி, டிரம்மோட ஒட்டிகிச்சி. ஆள் தள்ளிலாம் வராது. இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சின்னா ரிவர்ஸ்ல ஒரே இழுப்பு, வுட்டுக்கும்."

"அதான் ஸ்டார்ட் ஆவாதே," என்றான் மோகன். விடிகாலை பஸ்ஸில் ஓசூரிலிருந்து வந்தவன், இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. "அப்பா ஆறு மாசமா அத்த தானே நோண்டிகினு இருந்தாரு."

"பாப்போம். பெரியவரு தேடுனது இன்னான்னு நமக்காச்சும் ஆப்புடுதா பாப்போம்."

உமாதேவி காபித் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தாள். மோகனுக்கு அக்கா அவள். நான்கு வருடமாக அப்பா அம்மாவோடுதான் இருக்கிறாள். அந்தக் கார் ஏன் ஓடவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அப்பா ரங்கநாதன் நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு இதே காரின் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். பானட் திறந்திருந்தது. மடியில் ஸ்குரூ டிரைவர். டீ கொண்டுவந்த மனைவி ஜெயம் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொன்பது வயது. அதற்கு மேல் சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு நோயும் இல்லை, கண்ணைத் தவிர.

வீட்டு முகப்பு முழுவதும் கார் ஷெட்தான். காரை அளந்து கட்டிய ஷெட். காருக்கும் மதிலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். ஐஸ் பெட்டி காலியாக வந்ததால் நிமிர்த்தித் தூக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அதற்குள் படுத்திருப்பவரை அப்படி நிமிர்த்தி வெளியே கொண்டுவர முடியாது. பன்னிரண்டு மணிக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குள் கார் நகர்ந்தாக வேண்டும்.

வேல்ராஜ் உட்கார்ந்து சாவியைத் திருகினான். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினான்.

"பேட்டரி நல்லா கீதே," என்று ஆச்சரியப்பட்டான். இறங்கி வந்து பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

ஆறு மாதத்துக்கு முன்னால், மே மாதத்தில், வடக்குப்பட்டுத் திருப்பத்தில் ரங்கநாதன் ஒரு பைக்கை இடித்துவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன். முழங்கை சிராய்ப்போடு தப்பித்தான். "பக்கத்துல வந்தத நான் பாக்கவே இல்ல," என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். கண் டாக்டர் சோதித்துவிட்டு, நேர்ப் பார்வைதான் இருக்கிறது, இரண்டு பக்கப் பார்வையும் போய்விட்டது, இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "எனக்கு இந்த ரோடு மனப்பாடம்," என்றார். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தார். கன்டெய்னர் லாரிகள் மூச்சு விடாமல் ஓடுகிற ரோட்டை ஒருவர் மனப்பாடம் செய்து வைத்திருப்பதாகச் சொன்னால், பெற்ற மகள் என்னதான் செய்வாள்?

அழுது பார்த்தாள். சாவியை ஒளித்து வைத்துப் பார்த்தாள், அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில், அதைச் செய்தாள்.

உமாவுக்கு வேலை, காருக்கான ஒயர்களைக் கற்றையாகக் கட்டித் தரும் கம்பெனியில். சோதனைப் பிரிவில் நாள் முழுக்க ஒயரை இழுத்து இழுத்துப் பார்ப்பதுதான் வேலை. ஒயர் நுனியில் இருக்கும் செப்பு டெர்மினல், சாக்கெட்டுக்குள் சரியாக உட்காராமல் ஒரு மயிரிழை பின்வாங்கியிருந்தால் போதும். வெளியே பார்த்தால் சாக்கெட் ஒழுங்காக மாட்டியிருக்கும், கரண்ட் போகாது. வருகிற குறைகளிலேயே கண்டுபிடிக்கச் சிரமமானது அதுதான். பதினோரு வருடமாக எந்தக் குறையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கினாளோ, அதையே அப்பாவின் காரில் தன் கையால் செய்தாள். பின்சீட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்புக்குப் போகும் சாக்கெட்டைக் கழற்றி, சேலை ஊக்கால் ஒரு டெர்மினலைப் பின்னால் தள்ளி, மறுபடி மாட்டினாள். டக்கென்று சத்தம் கேட்டது. புது வண்டி மாதிரி இருந்தது.

பத்து நாள் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தாள். அவரா விடுவார்! பிளக்கைக் கழற்றினார், காயிலை மாற்றினார், வடிகட்டியை மாற்றினார். தினமும் சாயங்காலம் அவள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது பானட் திறந்திருக்கும். "இன்னும் புடிபடல உமா," என்பார். அவள் முன்னாலேயே சாவியைத் திருகிக் காட்டுவார். இன்ஜின் சுற்றும், பிடிக்காது. அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொள்வாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்திருக்கிறது. சொன்னால் மறுநாளே ரோட்டுக்குப் போய்விடுவார் என்ற பயத்தில் அதை விழுங்கியிருக்கிறாள்.

இல்லாத ஒன்றைத் தேட வைத்து, வெயிலிலும் மழையிலும் குனிய வைத்து, நானே கொன்றுவிட்டேன். நேற்று மூன்றரை மணிக்குக் கம்பெனிக்குப் போன் வந்ததிலிருந்து அவள் மனதில் ஓடிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்.

"நீ கார் ஒயர் கம்பெனிலதானே கீற," என்றான் மோகன் திடீரென்று. "நீ ஒரு வாட்டி பாத்துருக்கலாம் இல்ல?"

உமா காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

வேல்ராஜ் நிமிர்ந்தான். "பொறி வருது. பெட்ரோல் தான் வரல. பம்பு ஓடுற சத்தமே இல்ல. பின்சீட்ட தூக்கிப் பாக்கணும்."

"நான் தூக்குறேன்ணா," என்று உமா முந்திக்கொண்டாள். "உள்ள அப்பா பேப்பர்லாம் போட்டு வச்சிருக்காரு. நான் எடுத்துட்டு சொல்றேன்."

"அடியே உமா, அப்பன ஐஸ் பொட்டில வச்சிகினு நீ இன்னாத்துக்குடி காருக்குள்ள பூர்ற?" என்று அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தாள். உமா காதில் வாங்கவில்லை. ஒருக்களித்துப் போய்ப் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிச் சாத்திக்கொண்டாள்.

காருக்குள் அப்பாவின் வாசனை அடித்தது. கிரீஸ், மூக்குப்பொடி, ஈரத்துணி. நின்று அழ நேரமில்லை. சீட்டைத் தூக்கி, ரப்பர் மூடியை நெம்பி, சாக்கெட்டைப் பிடித்தாள். ஊக்கு பல்லில் தயாராக இருந்தது. டெர்மினலை முன்னால் தள்ளிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது.

டெர்மினல் உள்ளே போகவில்லை. ஏற்கெனவே போயிருந்தது. ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கம்பெனியில் இழுப்பதைவிடப் பலமாக இழுத்தாள். கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சாக்கெட்டுக்குப் பின்னால் ஒயர்களைச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவள் சுற்றியதல்ல. டேப்பின் மேல் வெள்ளை எழுத்தில் தேதி. எதைச் சரி செய்தாலும் தேதி போடுவது அப்பாவின் முப்பது வருடப் பழக்கம். 19.7 என்று எழுதியிருந்தது. எழுத்தின் மேல் தூசி படிந்திருந்தது.

இப்போது நவம்பர்.

ஆடிப்பெருக்கன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் கேட்டது ஞாபகம் வந்தது. "உங்க கம்பெனில, ஒரு டெர்மினலு சரியா உக்காரலன்னா எப்டிம்மா கண்டுபுடிப்பீங்க?" அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கண்டுபிடிக்கப் போகிறார், இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ என்று நினைத்தாள். "இழுத்துப் பாப்போம்ப்பா," என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "கஷ்டமான வேலதான்," என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார். அவர் அதைக் கண்டுபிடித்து அப்போதே பதினைந்து நாள் ஆகியிருந்தது.

நான்கு மாதமாக அவர் எதையும் தேடவில்லை. ஓட்டவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஏண்டி இப்படிப் பண்ணினாய் என்று நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரி உட்கார்ந்து, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாதது போலவே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறோம். கேட்பதற்கு இனி ஆளும் இல்லை.

"உமா, இன்னா ஆச்சி?" வேல்ராஜ் கண்ணாடியைத் தட்டினான்.

ஊக்கைப் பல்லிலிருந்து எடுத்துக்கொண்டு, "இங்க எல்லாம் சரியா கீதுணா," என்றாள்.

"அப்ப ஃபியூஸ் தான். அத்த பெரியவரு மொதல்லயே பாத்துருப்பாருன்னு நான் வுட்டுட்டேன்." ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "அடப்பாவமே," என்றான்.

"இன்னா?" என்று மோகன் எட்டிப் பார்த்தான்.

"பம்பு ஃபியூஸே இல்ல. எடம் காலியா கீது. சின்ன புள்ள கூட மொதல்ல இத்த தான் பாக்கும். எப்பேர்ப்பட்ட ஃபிட்டரு! ஒரகடம் பூரா அவரு கைதானே பேசும்."

"வயசாயிடுச்சி இல்ல," என்றான் மோகன். "கண்ணும் தெரியல." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தள்ள வந்த மற்றவர்களும் உச்சுக்கொட்டினார்கள். ஆறு மாதமாக ஒரு ஃபியூஸ் இல்லாததைக் கண்டுபிடிக்க முடியாமல் செத்துப்போன கிழவன் என்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் சொல்லிக்கொள்வார்கள். உமா காரிலிருந்து இறங்கி நின்றாள்.

வேல்ராஜ் ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கி அந்தக் காலி இடத்தில் செருகினான்.

உமா ஒருக்களித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயம் விடிய விடிய அழுது ஓய்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் கண்ணை மூடியிருந்தாள். உமா வாசற்படி தாண்டி நின்றாள்.

வெளியே சாவி திரும்பியது. முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஒரு இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை. தினம் ஓடுகிற வண்டி மாதிரி சீராக நின்று உறுமியது.

ஜெயம் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"உமா பஸ் ஏறிட்டாளா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணிக்கு நெதானம் இல்ல, பாவம்," என்று அத்தை முணுமுணுத்தாள். உமாவுக்கு மட்டும் புரிந்தது. தினமும் காலையில் அவளுடைய கம்பெனி பஸ் முனை திரும்பியதும் அவர் ஃபியூஸைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் ஓடுவதைக் கேட்டிருக்கிறார், அவள் வருவதற்குள் பிடுங்கி வைத்திருக்கிறார். அந்தச் சத்தம் வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து இந்தக் கேள்வியைத்தான் தினமும் அவரிடம் கேட்டிருக்கிறாள்.

உமா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வியர்த்திருந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏறிட்டாம்மா," என்றாள்.

"செரி," என்று ஜெயம் மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வெளியே கியர் விழுந்தது. சக்கரம் கிறீச்சிட்டு, இரும்பு பிய்கிற சத்தம் ஒன்று கேட்டு, கார் குலுங்கிப் பின்னால் போனது. உமா எழுந்து வாசலுக்கு வந்தபோது அது கேட்டைத் தாண்டித் தெருவில், தூறலில் நின்றிருந்தது. வேல்ராஜ் கண்ணாடியை இறக்கினான்.

"பாத்தியா உமா, இம்மாந்துண்டு விசயம். பெரியவரு பாக்காம வுட்டுட்டாரு."

"பாக்காம இல்லணா. அவருதான் எடுத்து வச்சாரு."

"இன்னாத்துக்கு?"

உமா படியிறங்கி வந்து பானட்டின் மேல் கையை வைத்தாள். வேல்ராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைப் பிடித்தான்.

"நிறுத்திடட்டுமா?"

"கொஞ்ச நேரம் ஓடட்டும்ணா."

கார் நின்ற இடம் மட்டும் நீளமாக, ஈரம் படாமல், வெளுத்துக் கிடந்தது. ஆட்கள் மூங்கிலைக் கொண்டுவந்து அங்கேயே போட்டுப் பாடை கட்ட உட்கார்ந்தார்கள்.