அக்கா பெயரில் ஓர் உரிமம்

தம்பி யாருக்காவது வீடு காட்டினால், அக்கா எங்கே இருந்தாலும் அந்த வீட்டுக்குள் வந்து நின்றாள். முதல் தடவை அவள் தன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநொடி முன்பின் பார்த்திராத மூன்றாம் மாடி வீட்டின் காலிக் கூடத்தில், கையில் கத்தியோடு நின்றாள். வீடு வாங்க வந்த கணவனும் மனைவியும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தம்பி அசரவில்லை. "எங்க அக்காதாங்க. லைசன்ஸ் அவங்க பேர்லதான் இருக்கு" என்று சொல்லியபடி கத்தியை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அதில் பொய் இல்லை. வீட்டுத் தரகர் தேர்வில் அவன் ஒவ்வொரு முறையும் கோட்டை விட்டவன். அவள் முதல் முறையே தேறியவள். குழந்தை பிறந்து அவள் வீட்டோடு இருந்துவிட, அவளுடைய உரிமத்தைக் கண்ணாடி போட்டுத் தன் கடையில் மாட்டிக்கொண்டான். தரகர்கள் மத்தியில் இது சகஜம். ஆனால் உரிமம் உள்ளவர் நேரில் இருந்துதான் வீடு காட்ட வேண்டும் என்ற பழைய விதியை அந்த வருடம் இலாகா கறாராக்கியது. வேறு ஊர்களுக்குச் சோதனை அதிகாரிகள் போனார்களாம். இங்கே விதியே ஆளைத் தூக்கிவந்து நிறுத்தியது. செத்துப்போன மாமனார் பெயரில் தொழில் நடத்திய ஒருவன் அந்த வாரமே கடையை மூடினான். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

செருப்பில்லாமல் பஸ் பிடித்து வீடு திரும்புவது அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது பயம். கணவனுக்கு வெளியூரில் வேலை. அவள் மறைந்தால் வீட்டில் தவழும் குழந்தை மட்டும்தான். கையில் இருப்பது கூடவே வரும் என்று கத்தியிலேயே தெரிந்துகொண்டவள், குழந்தையை இடுப்பிலிருந்து இறக்குவதையே விட்டாள். தம்பியிடம் கெஞ்சினாள். "இந்த ஒரு வீடு மட்டும்க்கா, பாதி பேசி முடிச்சிட்டேன்" என்பான் அவன். அந்த ஒரு வீடு தீரவே இல்லை.

ஒருநாள் காலை குழந்தையைத் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குவளையில் தண்ணீர் மொள்ளக் குழந்தையைப் பிடித்திருந்த கையை எடுத்த நேரம் பார்த்து, தம்பி ஊரின் மறுகோடியில் ஒரு கதவைத் திறந்தான். அவள் நிறைகுவளையோடு அங்கே நின்றாள். கத்தக்கூட இல்லை, குவளையைப் போட்டுவிட்டு ஓடினாள். வீட்டை அடைந்தபோது குழந்தை தொட்டி விளிம்பைப் பிடித்தபடி நீலம் பாரித்த உதடுகளோடு உட்கார்ந்திருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த ஈரத்துணியோடும் துண்டில் சுற்றிய குழந்தையோடும் இலாகாவுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அதிகாரி ஆச்சரியப்படவில்லை. "ரத்து பண்ணிடலாம்மா. ஆனா உங்க தம்பிக்கு ஜெயில் உறுதி. உங்களுக்கு அபராதம் உண்டு, இனிமே லைசன்ஸும் கிடையாது. யோசிச்சுட்டுச் சொல்லுங்களேன்."

"யோசிக்க எங்க சார் நேரம்? அவன் இப்ப யாருக்காவது கதவைத் திறந்தா நான் இங்க இருக்க மாட்டேன்."

தம்பி சிறைக்குப் போனான். மேல்முறையீட்டுக் கெடு முடிந்த பிறகே ரத்து செல்லும் என்பதை அதிகாரி சொல்ல மறந்திருந்தார். சிறைக்குப் போன மறுவாரம், புதிதாக வந்த கைதியிடம் தம்பி பழக்கதோஷத்தில், "உள்ள வாங்க, நல்ல காத்தோட்டமான ரூம்" என்றான். பூட்டிய அறைக்குள் அக்கா நின்றாள், குழந்தையை இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தாள். முடிச்சு இறுகிய இடத்தில் அவள் தோல் கன்றிப்போயிருந்தது. தம்பி அதைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் யாருக்கும் எதையும் காட்டவில்லை. கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

காவலர் கதவைத் திறந்து அவளை வெளியே அனுப்பினார். கெடு முடிந்தது, உரிமம் ரத்தானது, அவளை எதுவும் தூக்கிப்போகவில்லை. முடிச்சை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை. கால்கள் தரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்த பிறகும் பிள்ளை அம்மாவின் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தான், தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.