ஓட்டை வைக்காத நாற்காலி

தச்சர் நாற்காலியைத் தெருவில் இறக்கி வைத்ததும் பொத்தான்காரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கைப்பிடி வைத்து, சாய்மானம் வைத்து, பளபளவென்று மெருகேற்றி, ஏதோ ராணிக்குச் செய்கிற மாதிரி செய்திருந்தார். எல்லாம் இருந்தது. நடுவில் இருக்கவேண்டிய ஓட்டை மட்டும் இல்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இவள் வாயைத் திறந்தால்தானே? ஆம்பளையிடம் போய் அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று, "முட்டி மடங்கல தம்பி, பலமா ஒரு நாற்காலி" என்றதோடு வந்துவிட்டாள். நாலு வீட்டுக்கும் பொதுவான கழிப்பறையில் குந்தினால் அவளால் எழுந்திருக்க முடியாது. ஒருமுறை கதவைத் தட்டித் தட்டி, ஓரகத்தி வந்துதான் தூக்கிவிட்டாள். அன்றோடு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும்போது தாகமெடுத்தால் வாயை நனைத்துத் துப்புவாள். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து, "இன்னொரு தரம் இப்படி வந்தீங்க, பெட்ல சேர்த்துடுவேன்" என்று டாக்டரம்மா திட்டி அனுப்பியிருந்தார்.

"புடிக்கலையாம்மா?" தச்சரின் முகம் விழுந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி..."

வாசலில் நின்ற ஓரகத்திக்குப் பொறுக்கவில்லை. "வாயிலயும் பொத்தான் தச்சு வெச்சிருக்கியாக்கா? சொல்லித் தொலையேன்!"

தெருவே பார்த்தது. பொத்தான்காரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தியேவிட்டாள். "நடுவுல ஓட்ட வேணும் தம்பி. கக்கூசுக்கு!"

எதிர்வீட்டு இஸ்திரிக்காரி சிரித்தாள் பாருங்கள், தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"அட, இத மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் என்னமோ வீட்ல கல்யாணம்னு நெனச்சு மெருகெல்லாம் போட்டேன்!" தச்சர் ரம்பத்தை எடுத்தார். "எவ்ளோ அகலம்மா?"

"தாராளமாவே போடுங்க. அக்கா தாராள மனசுக்காரி" என்றாள் ஓரகத்தி.

பொத்தான்காரம்மாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. குடத்தோடு போனவளை நிறுத்தி, கையேந்தி, கழுத்தெல்லாம் வழிய மடக்மடக்கென்று குடித்தாள்.

இஸ்திரிக்காரி பெட்டியை வைத்துவிட்டு மெல்ல வந்தாள். கேலி செய்யத்தான் வருகிறாள் என்று நினைத்தால், தச்சர் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள்.

"சத்தமா சொல்லுடி!" என்றாள் பொத்தான்காரம்மா. "அவருக்குக் காது கேக்க வேணாமா?"

"எனக்கும் ஒண்ணு!"

அவளுக்குப் பின்னால் குடக்காரியும் வந்து நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் ஓரகத்தியின் வயசில் இன்னும் ரெண்டு பேர். தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, அளவு நாடாவை உதறி நீட்டினார்.